கூடங்குளத்தில் திருடியதும் நாம் கொடுத்ததும்

(பாளையங்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோட்டீஸில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "இணையத்துல வேவு பாக்கதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்லாவே. திருநெல்வேலில வந்து அதைப் பத்தி என்னத்தப் பேசப் போறீரு?" என்று கேட்டார். ஆகவே நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2019 செப்டம்பர் 4ஆம் தேதி, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் கொடுத்தது. ராதாபுரம் வட்டத்தில் இருக்கிற நம் கூடங்குளம் நிலையத்துக் கணினியில் உளவு மென்பொருள் புகுந்திருக்கிறது என்பதுதான் அது. வெளியில் யாருக்கும் தெரியாது. அக்டோபர் 28 அன்று விஷயம் ட்விட்டரில் வெடித்தது. மறுநாள் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணையத்தோடு சேராதவை, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை, பரவுவது பொய்ச் செய்தி. அதற்கு மறுநாள், 30ஆம் தேதி, கழகத்தின் தலைமையிடமே ஒப்புக்கொண்டது. மென்பொருள் புகுந்தது உண்மைதான். ஆனால் அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவருடைய கணினி, உலையின் பக்கம் எதுவும் போகவில்லை என்றார்கள்.

அன்றைக்கு எல்லோரும் உலையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த மென்பொருளின் பெயர் டி-டிராக். வடகொரியாவோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் லாசரஸ் என்ற கூட்டத்தின் கைவேலை என்று, அதே செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்து எழுதியிருந்தது. அது எதையெல்லாம் எடுக்கும் என்ற பட்டியலும் அதில் இருந்தது. பிரவுசரில் எந்தெந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்ற வரலாறு, கணினியின் ஐ.பி. முகவரி, அந்த நேரத்தில் என்னென்ன மென்பொருள் ஓடுகிறது, வட்டில் என்னென்ன கோப்பு இருக்கிறது, விசைப்பலகையில் தட்டிய எழுத்துகள்.

தட்டிய எழுத்தையும் கோப்புகளையும் விட்டுவிடுவோம். மற்றவை எல்லாம் எங்கேயோ கேட்டதுபோல இல்லையா? நீங்கள் பார்த்த பக்கங்கள், உங்கள் ஐ.பி. முகவரி, உங்கள் போனின் மாடல், அதில் நீங்கள் திறக்கிற ஆப்கள். இவற்றை நம்மிடமிருந்து தினமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூடங்குளத்து ஊழியர் ஒருவரின் கணினியிலிருந்து போனால் அதற்குப் பெயர் உளவு. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற ஒரு அம்மாவின் போனிலிருந்து போனால் 'உங்களுக்கேற்ற விளம்பரம்'. ஒரே சரக்கு, இரண்டு பெயர். இந்த இரண்டாவது பெயரை எப்படி ஒப்புக்கொண்டோம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எப்படி எடுக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இளைஞர் 'குக்கி' என்ற சின்னக் குறிப்பை உருவாக்கினார். ஒரு கடைப் பக்கத்தில் நீங்கள் எடுத்துவைத்த பொருளை அடுத்த பக்கம் போனதும் கடை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். விளம்பரக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. நீங்கள் படிப்பது ஒரு தமிழ்ச் செய்தித் தளமாக இருக்கும். அதே பக்கத்துக்குள் உங்களுக்குப் பெயரே தெரியாத பல கம்பெனிகளின் குறிப்புகள் வந்து உட்காரும். போனில் குக்கியின் இடத்தை 'விளம்பர அடையாள எண்' பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு உங்கள் பெயர் தேவையில்லை, அந்த எண்ணே போதும்.

பக்கம் திறக்கிற அந்தக் கணத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காலையில் தக்காளி ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஏலத்துக்கு வருவது நீங்கள். 'இந்த மாடல் போன், இந்த ஊர்ப் பக்கம், இன்ன செய்தியைப் படிக்கிறார், என்ன விலை கேட்கிறீர்கள்' என்று ஒரு குறிப்பு பல கம்பெனிகளுக்குப் போகிறது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏலம் முடிந்துவிடும். மார்க்கெட்டில் ஏலம் தோற்றவர் வெறுங்கையோடு திரும்புவார். இங்கே தோற்றவரிடமும் உங்களைப் பற்றிய குறிப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "நேத்து சாயங்காலம் டவுன்ல நின்னு அல்வா பத்திப் பேசிக்கிட்டிருந்தோம் சார். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தா அல்வா விளம்பரம். ஒட்டுக்கேக்கான்ல?" போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. போன் மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து கேட்கிறதா என்று 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். அப்படி ஒலி பதிந்து அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சில ஆப்கள் திரையில் நீங்கள் செய்வதைப் படம் பிடித்து வெளிக் கம்பெனிக்கு அனுப்பியதுதான் கிடைத்தது. யாரும் தேடாதது, கிடைத்துவிட்டது!

அப்படியானால் அல்வா எப்படி வந்தது? நீங்கள் நெல்லையப்பர் கோயில் எதிரே கீழரத வீதியில் நின்றது போனுக்குத் தெரியும். உங்களோடு நின்ற சென்னைக்கார மைத்துனர் அன்று மதியமே 'நெல்லை அல்வா' என்று தேடியிருப்பார். இரண்டு போனும் இரவில் ஒரே வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும். இவ்வளவும் தெரிந்தவனுக்கு நீங்கள் பேசியதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒட்டுக்கேட்கிறான் என்று நினைப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது: வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம் என்ற ஆறுதல். அதுவும் இல்லை என்று சொல்வதற்கே சங்கடமாக இருக்கிறது. 'இன்காக்னிட்டோ' போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். அந்த நம்பிக்கையை வைத்து 2020இல் அமெரிக்காவில் கூகுள்மீது வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசம் பேசி, அப்படிச் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. அழிக்க ஒப்புக்கொண்டார்கள் என்றால் சேர்த்து வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

கண்காணிப்பு இந்த மண்ணுக்குப் புதிது என்று நான் சொல்ல வரவில்லை. 1908இல் வ.உ.சி. தூத்துக்குடிக் கூட்டங்களில் பேசியபோது போலீஸ் ஆட்கள் உட்கார்ந்து குறிப்பெழுதினார்கள். அந்தக் குறிப்புகளே திருநெல்வேலி செஷன்ஸ் வழக்கில் சாட்சியமாக வந்தன. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே கொடுந்தண்டனை விதித்தார். அந்த வழக்கு அநியாயம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். குறிப்பெழுதுகிறவன் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தான். என்ன எழுதினான் என்பது நீதிமன்றத்தில் வெளியே வந்தது. நீ எழுதியது தப்பு என்று வக்கீல் அவனைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. நம்மைப் பற்றி இன்று எழுதப்படுகிற குறிப்பில் என்ன இருக்கிறது என்று குறுக்கு விசாரணை செய்ய யாரைக் கூண்டில் ஏற்றுவது?

பிரவுசிங் சென்டர் காலத்தில்கூட ஒரு நோட்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஜங்ஷன் பக்கம், வண்ணார்பேட்டைப் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும்: பெயர், நேரம், அடையாள அட்டை எல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். 2011இல் மத்திய அரசு விதியே போட்டது. பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. இப்போது அந்தக் கடைகள் ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டன. நோட்டு மட்டும் ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. இணையச் சேவை தரும் கம்பெனி உங்கள் தொடர்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரிலிருந்து உரிம நிபந்தனை.

"எங்கிட்ட ஒளிக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?" இந்தக் கேள்விக்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2011, 2012இல் இடிந்தகரையில் அணு உலையை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள்மீது தேசத்துரோகம் வரை வழக்குகள் போடப்பட்டன. கூட்டத்தில் நின்றவர்கள், மீன் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், எல்லோர் பேரும். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயலுங்கள் என்று சொன்னது. பல வழக்குகள் போயின. ஆனால் வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பித்த கடற்கரை இளைஞர்களுக்குப் பாஸ்போர்ட் விசாரணையில் அந்தப் பெயர்ப் பட்டியல் குறுக்கே நின்றது. எழுதினவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். எழுத்து அங்கேயே இருந்தது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள்தான் அவர்களும்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. குற்றவாளி இல்லை என்று விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் என் பெயரை இணையத்திலிருந்து எடுங்கள் என்று கேட்டார். 2021இல் தனி நீதிபதி முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு எடுக்கச் சொன்னது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இரு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு. தீர்ப்பு பொதுச் சொத்து. ஆனால் விடுதலையான மனிதனின் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அவன்மேல் சுமத்திய குற்றம்.

இனி, நம் ஊரில் யாரும் மேடையில் பேசாத இடத்துக்கு வருகிறேன்.

சேரன்மகாதேவியிலிருந்தோ கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ பஸ் ஏறி வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளத்தில் போன் வாங்குகிறாள். அண்ணன் கூட வருகிறான். சிம் அண்ணன் ஆதாரில். கடைப் பையன், "ஜிமெயில் இருக்காக்கா? இல்லையா, நானே போட்டுத் தாரேன்" என்று கணக்குத் தொடங்கி, அண்ணன் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டு, ஒட்டுக்கண்ணாடியும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறான். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் தேடுவது, யூடியூபில் பார்ப்பது, போன் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது, அத்தனையும் அண்ணன் தன் போனில் உட்கார்ந்து பார்க்கலாம். எந்த உளவு மென்பொருளும் தேவையில்லை. கூகுள் கொடுக்கிற வசதிகள் போதும்.

சாதி மாறிக் காதலித்தால் உயிர் போகிற ஊர் இது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் இங்கே நடந்த கொலையின் காயம் இன்னும் ஆறவில்லை. இங்கே ஒரு பெண் எங்கே நிற்கிறாள், யாரோடு எத்தனை மணிக்குப் பேசினாள் என்ற தகவலுக்குக் கலிஃபோர்னியாவில் சில பைசா விலை. இங்கே அதற்கு என்ன விலை என்று நமக்குத் தெரியும். இணைய அந்தரங்கத்தைப் பற்றி வெளிநாட்டில் எழுதுகிற அறிஞர்கள் கம்பெனியையும் அரசாங்கத்தையும் பார்த்துப் பயப்படச் சொல்கிறார்கள். நம் ஊரில் பயம் வீட்டு முற்றத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கணவன் மனைவிக்குள்ளும் இதே கதைதான். பரமக்குடி நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரங்களைச் சான்றாகக் கொடுத்தார். 2024 அக்டோபர் 30 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தம்பதிகளுக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, அதை மீறி எடுத்த சான்று செல்லாது என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு என்பது என் கட்சி. ஆனால் 2025 ஜூலை 14 அன்று, பஞ்சாப் பக்கத்து வழக்கொன்றில், ரகசியமாகப் பதிந்த தம்பதியர் உரையாடலைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரையொருவர் வேவு பார்க்கிற நிலைக்கு வந்த கல்யாணம் ஏற்கனவே உடைந்ததுதானே என்பது அங்கே சொன்ன காரணம். வேவு பார்ப்பது பெரும்பாலும் ஒருவர், பார்க்கப்படுவது இன்னொருவர் என்பதை அந்தக் காரணம் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கடன் ஆப் விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2017 அக்டோபர் 23 அன்று நம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீயில் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. அந்த வட்டிக்காரன் வாசலுக்கு வந்து கத்துவான். அவன் முகம் தெரியும், பேர் தெரியும், மனுவில் எழுதலாம். மூன்றே ஆண்டில் வேறொருவன் வந்தான். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் கடன், ஏழு நாள் தவணை. ஆப்பை இறக்கும்போது 'அனுமதி' என்ற பொத்தானைத் தொட்டால் போன்புத்தகம் முழுக்க அவனிடம் போய்விடும். நாம் 'பெரியப்பா', 'சம்பந்தி', 'ஹெச்.எம். சார்' என்றெல்லாம் பதிந்து வைத்திருக்கிறோம் அல்லவா? அவனுக்கு நம் வம்சாவளியையே எழுதிக் கொடுத்த மாதிரி. தவணை ஒரு நாள் தப்பினால் சம்பந்திக்குப் போன் போகும், படத்தை வெட்டி ஒட்டி அசிங்கமாக அனுப்புவான். 2021 ஜனவரியில் சென்னைக் காவல்துறை இந்தத் தொழிலில் இருந்த சீனர்கள் இருவர் உட்படச் சிலரைக் கைது செய்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் போன்புத்தகத்தையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒழுங்கான நிறுவனங்கள் கேட்டுக்கொண்டன. மற்றவன் ஆப்பின் பெயரை மாற்றிக்கொண்டான்.

அரசாங்கத்திடம் இருப்பது பத்திரமாக இருக்கிறதா என்றால், சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜூனில் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கிடக்கிறது என்று ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளுக்குள் ஒரு பாஸ்வேர்டைத் திருடிப் புகுந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் வந்தன. மூன்று கோடிப் பேருக்கு மேல் என்று திருடியவன் சொல்லிக்கொண்டான். நோய், பரிசோதனை முடிவு உட்பட. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் சர்க்கரை அளவையும் எப்படி மாற்றுவது?

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் என்ற உரிமைக்கு உச்ச நீதிமன்றத்தில் வலுவான அடித்தளம் போட்ட வழக்குகளில் ஒன்று, ஆட்டோ சங்கரின் வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் தொடுத்த 1994ஆம் ஆண்டு வழக்கு. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அதை அடிப்படை உரிமை என்றார்கள். அதன் பிறகு 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அந்த விதிகளின்படி, கம்பெனிகள் நம்மிடம் முறையாகச் சம்மதம் கேட்க வேண்டிய பகுதி 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். விவரத்தைக் கசியவிட்ட கம்பெனிக்கு 250 கோடி வரை அபராதம். அது அரசு கஜானாவுக்குப் போகும், பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மத்திய அரசு எந்த அரசு அமைப்பையும் சட்டத்துக்கு வெளியே வைத்துவிடலாம்.

ஆனால் சில பகுதிகள் காத்திருக்கவில்லை, உடனே அமலுக்கு வந்துவிட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது அவற்றில் ஒன்று. முன்பு, தனிநபர் தகவலாக இருந்தாலும் பொது வேலையோடு தொடர்புடையது என்றால் கொடுத்தாக வேண்டும். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற இரண்டு சொல்லோடு மறுத்துவிடலாம். பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு அதிகாரியின் மனசு வேண்டும். தாமிரபரணியில் மணல் அள்ள யாருக்கு அனுமதி, கங்கைகொண்டான் ஆலைகளுக்கு எவ்வளவு தண்ணீர், யார் கையெழுத்து என்று கேட்கிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டத்தின் முதல் பயன் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் போயிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'விளம்பரங்கள்' என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி இருக்கிறது, இன்றிரவே அழிக்கலாம். டார்ச் லைட் ஆப்புக்கு இருப்பிட அனுமதி எதற்கு என்று கேட்டு எடுத்துவிடலாம். வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தால் பாஸ்வேர்டை அவளையே போடச் சொல்லுங்கள், அந்த நேரம் நீங்கள் வேறு பக்கம் திரும்பி நில்லுங்கள்.

பிறகு அந்த பில் கவுண்டர். ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் துணியை, மாத்திரையை நீட்டியதும், "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்று அந்தப் பிள்ளை கேட்கும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்லுவோம். நம்பர் கொடுத்தால்தான் பொருள் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளைமேல் கோபப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் மேனேஜரிடம் திட்டு வாங்குவது அதுதான். "நம்பர் வேண்டாம் தாயி, பில்லை மட்டும் குடு" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் முழிக்கும், பிறகு ஒன்பது சைபரோ பத்து சைபரோ அடித்துவிட்டு பில்லைக் கிழித்துக் கொடுக்கும்.